மாமா சொன்ன மாட்டு ஊசியும் தெப்பக்காட்டு யானைச் சாணமும்

கேட்டவர் கூடலூர்க்காரர். கல்யாணமாகி ஆறு வருடம். கோவையில் குழந்தைப்பேறு சிகிச்சை தொடங்கப் போகிறார்கள். போன மாதம் முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்குப் போனபோது, கையுறை போட்ட ஒரு பெண் யானைச் சாணத்தைச் சின்னச் சின்ன உறைகளில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைப்பதைப் பார்த்திருக்கிறார். சினை ஹார்மோன் பார்க்க என்று சொன்னார்களாம். வீட்டில் வந்து இதைச் சொன்னதும் மனைவியின் மாமா சிரித்திருக்கிறார்: "அப்புறம் என்ன, உங்களுக்கும் மாட்டுக்குப் போடுற ஊசியைத்தான் போடப் போறாங்க." அது உண்மையா, விலங்கு ஆராய்ச்சிக்கும் மனித சிகிச்சைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: ஊருக்குள் வரும் யானைகளை இதே மாதிரி ஊசி போட்டுக் குறைக்க முடியாதா?

நான் கோவையில் ஒரு கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது ஊட்டிக்குப் பக்கத்தில். அப்பா கால்நடை ஆய்வாளர், சினை ஊசி போடுபவர். இந்த வேலையில் நான் சேர்ந்தபோது அப்பாவின் நண்பர், "அப்பன் மாட்டுக்கு, பொண்ணு மனுசனுக்கு" என்றார். அதனால் உங்கள் மாமாவின் கிண்டல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அவர் சொன்னது பாதி சரி. திசையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

கருமுட்டை எடுப்பதற்கு முன்னால் கடைசியாகப் போடும் ஊசியில் பெரும்பாலும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் இருக்கும். கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது. இதே எச்.சி.ஜி.யைத்தான் சினைப்பையில் நீர்க்கட்டி வந்து சினை பிடிக்காத பசுவுக்கும் போடுகிறார்கள். ஆக, மனுசிக்குப் போடுகிற ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று மாமாவிடம் சொல்லலாம். அவர் விடாமல் வாதாடினால், பூசெரலின் என்ற மருந்தை ஒத்துக்கொண்டுவிடுங்கள். கால்நடை மருத்துவர்கள் ரிசெப்டால் என்ற பெயரில் வைத்திருப்பது அதுதான். பெண்களுக்கான ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையிலும் அதே மூலக்கூறு உண்டு. அளவும் போடும் முறையும்தான் வேறு.

பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் போட்டுக்கொள்ளும் எஃப்.எஸ்.எச். ஊசியின் கதை இன்னும் நன்றாக இருக்கும். மாதத்துக்கு ஒரு முட்டை முதிரும் இடத்தில் பல முட்டைகளை முதிர வைப்பது அதன் வேலை. மாடுகளுக்கு இந்த வேலையைச் சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த ஹார்மோன் செய்தது. அதை 1930இலேயே கண்டுபிடித்திருந்தார்கள். மனிதர்களுக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு அந்நியப் புரதம் என்று எதிர்க்க ஆரம்பித்துவிடும். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் மனித எஃப்.எஸ்.எச். நிறைய வெளியேறும். சினைப்பை பதில் சொல்லாததால் மூளை விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் லாரி லாரியாகச் சிறுநீருக்கு எங்கே போவது? இத்தாலியின் கன்னியாஸ்திரீ மடங்களுக்குப் போனார்கள். வயதான சகோதரிகள் கொடுத்த சிறுநீரிலிருந்து பிரித்த மருந்தை வைத்து, புரூனோ லூனன்ஃபெல்ட் சிகிச்சை அளித்த ஒரு பெண்ணுக்கு 1962இல் முதல் குழந்தை பிறந்தது. 1990களின் நடுவிலிருந்து மடங்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. இப்போது இந்த ஹார்மோனைப் பெரும்பாலும் ஆய்வகத்திலேயே, ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் சினைப்பைச் செல்களில் மனித மரபணுவை வைத்துத் தயாரிக்கிறார்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் உட்காரப் போகும் பேனா ஊசிக்கு மாட்டைவிட எலிதான் நெருங்கிய சொந்தம்.

சில சிகிச்சை முறைகளில் முதலில் சினைப்பையைத் தூங்க வைக்கும் ஊசி ஒன்று உண்டு. தூண்ட வேண்டிய உறுப்பை ஓர் ஊசி எப்படித் தூங்க வைக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்குப் பதில் குரங்குகளிடமிருந்து வந்தது. எர்னஸ்ட் நோபில் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரின் குழு, ரீசஸ் குரங்குகளில் மூளையிலிருந்து வரும் ஜி.என்.ஆர்.எச். என்ற சமிக்ஞை ஹார்மோனை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தது. மணிக்கு ஒரு தடவை சொட்டாகக் கொடுத்தால் சுழற்சி ஒழுங்காக நடந்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தினால் எல்லாம் நின்றுபோனது. வீட்டில் ஒரே விஷயத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள் இல்லையா, அது மாதிரி. 1978இல் வெளிவந்த இந்த முடிவுதான் அந்தத் தூங்க வைக்கும் ஊசிக்கு அடிப்படை. அதே வருடம் இந்தியா ரீசஸ் குரங்கு ஏற்றுமதியைத் தடை செய்தது தனிக் கதை.

ரீசஸ் வடநாட்டுக் குரங்கு. குன்னூர் மலைப்பாதையில் காரை நிறுத்தினால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, நம்ம நாட்டுக் குரங்கு, அதுவும் இந்த வரலாற்றில் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என். ஆர். முட்கல் பல வருடங்கள் இந்தக் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார். ஆண் குரங்குகளில் எஃப்.எஸ்.எச்.ஐத் தடுத்தால் விந்தணு குறைகிறது, ஆண்மை ஹார்மோன் அப்படியே இருக்கிறது என்று காட்டினார். அவர் தேடியது ஆண்களுக்கான கருத்தடை. ஆனால் விந்தணு உருவாக எஃப்.எஸ்.எச். எவ்வளவு முக்கியம் என்பதை அறிய, குழந்தை வேண்டுபவர்களுக்கும் அது உதவியது. இந்தத் துறையில் இப்படித்தான்: கருவைத் தடுக்கத் தேடியவர்களும் கரு உண்டாகத் தேடியவர்களும் ஒரே கதவைத்தான் இரண்டு பக்கமிருந்தும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால் வால்டர் ஹீப் என்ற ஆங்கிலேயர். 1890இல் ஒரு அங்கோரா முயலின் இரண்டு கருக்களை எடுத்து வேறு இனத்துத் தாய் முயலுக்குள் வைத்தார். அது போட்ட ஆறு குட்டிகளில் இரண்டு அங்கோரா. இன்று நாங்கள் தினமும் செய்யும் கரு மாற்றத்துக்கு இதுதான் ஆரம்பம். அடுத்த வருடமே அவர் கல்கத்தாவுக்கு வந்து, லங்கூர் குரங்குகளின் மாதவிடாயை ஆராய்ந்தார். பெண்களின் மாதவிலக்கைப் புரிந்துகொள்ளக் குரங்கைப் பார்த்தது ஏனென்றால், பாலூட்டிகளில் மாதவிலக்கு வருவது மிகச் சில இனங்களுக்குத்தான். மனிதர்கள், குரங்குகள், சில வௌவால்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய மற்ற சில. நம் பக்கத்திலும் இருக்கிற ஒரு பழந்தின்னி வௌவால் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நாய்க்கு வருவது மாதவிலக்கு இல்லை, அது வேறு.

இனி அப்பாவின் நைட்ரஜன் கேன்.

ஊட்டியில் ஜெர்சிக் காளைப் பண்ணை இருக்கிறது, அங்கே உறைவிந்து தயாரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கால் மில்லி விந்து அடங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி. அதன் மேல் காளையின் எண் அச்சடித்திருக்கும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அது எத்தனை வருடம் வேண்டுமானாலும் கிடக்கும். அப்பா மொபெட்டின் பின்னால் கேனைக் கட்டிக்கொண்டு ஹட்டி ஹட்டியாக, அதாவது மலைக் கிராமம் கிராமமாக, போவார். லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். கேன் மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் படரும். இடுக்கியால் குச்சியை எடுத்து, பிளாஸ்கில் கொண்டுபோன 37 டிகிரி வெந்நீரில் முப்பது வினாடி. துடைப்பார், நுனியை வெட்டுவார், ஊசிக் குழலில் ஏற்றுவார். ஊட்டிக் குளிரில் அந்த உலோகக் குழல் சில்லென்று இருந்தால் உருகிய விந்தணு அதிர்ந்து செத்துவிடும். அதனால் குழலைச் சட்டைக்குள் மார்போடு வைத்துச் சூடாக்கி வைத்திருப்பார். எந்தப் புத்தகத்தையும் திறக்கும் முன்பே நான் கற்றுக்கொண்ட கருவியல் அதுதான்.

இந்த உறைய வைக்கும் வித்தை பிறந்தது ஒரு புட்டி மாறாட்டத்தில். 1949, லண்டன். கிறிஸ்டோபர் போல்ஜும் கூட இருந்தவர்களும் சேவல் விந்தை உறைய வைத்துப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த ஒரு புட்டியில் மட்டும் விந்தணு பிழைத்தது. சோதித்துப் பார்த்தால் அதில் சர்க்கரையே இல்லை, கிளிசரால் இருந்தது. சேவலிலிருந்து காளைக்கு, காளையிலிருந்து மனிதனுக்கு வர நாலே வருடம். 1953இல் அமெரிக்காவின் அயோவாவில், உறைவிந்தால் மனிதக் கரு உண்டானது. எங்கள் ஆய்வகத்திலும் விந்து இருப்பது அதே மாதிரிக் குச்சியில்தான்; மாட்டுக்காக அந்தக் குச்சியை வடிவமைத்தவர் ராபர்ட் கசூ என்ற பிரெஞ்சுக்காரர். கருக்களை மின்னல் வேகத்தில் கண்ணாடி போல் உறைய வைக்கும் முறை 1985இல் எலிக் கருவில் வெற்றி பெற்றது, பிறகு பசுவின் முட்டைகளில் மெருகேறியது. நடுவில் நம் நாட்டுக் கதை ஒன்று: 1978 அக்டோபரில் கல்கத்தாவில் பிறந்த துர்கா, உறைய வைத்து எடுத்த கருவிலிருந்து பிறந்தவள் என்று டாக்டர் சுபாஷ் முகர்ஜி அறிவித்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து எழுபது நாள்தான் ஆகியிருந்தது. யாரும் நம்பவில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை அங்கீகாரம் கிடைக்கவில்லை. பின்னால் அவர் குறிப்புகளைப் படித்து அவருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்த ஆனந்த குமார், குரங்குகளின் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர்.

ஒருமுறை நைட்ரஜன் நிரப்பும் வண்டி வரவே இல்லை. மழை, பாதையில் மண்சரிவு. நாலாம் நாள் அப்பா கேனுக்குள் மரக்குச்சியை விட்டு அளந்தார். உறைபனி ஒட்டவே இல்லை. அத்தனை விந்துக் குச்சியும் வீண். யாரிடமும் சண்டை போடாமல், கேனைக் கவிழ்த்து வாசலில் வைத்தார். எங்கள் ஆய்வகத்தில் நைட்ரஜன் மட்டம் குறைந்தால் மூன்று பேருக்கு போன் அடிக்கும். அது நள்ளிரவில் அடித்தாலும் எனக்கு எரிச்சல் வராததற்கு அந்த வாசல்தான் காரணம்.

அப்பாவின் இன்னொரு விதி: காலையில் சினைக்குக் கத்தும் மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தும் மாட்டுக்கு மறுநாள் காலை. முட்டை வெளிவரும் நேரத்துக்கு விந்தணு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது சும்மா இல்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்தால்தான் விந்தணுவுக்கு முட்டையைத் துளைக்கும் தகுதியே வருகிறது. இதை 1951இல் அமெரிக்காவில் சாங், ஆஸ்திரேலியாவில் ஆஸ்டின் என்று இருவர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதுவரை கண்ணாடித் தட்டில் கருவூட்ட முயன்றவர்கள் எல்லாம் ஏன் தோற்றார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது தெப்பக்காட்டுக்கு வருவோம். நீங்கள் பார்த்த பெண் எடுத்தது லத்தியின் நடுப்பகுதியாக இருக்கும். மேல்பக்கம் சிறுநீர் பட்டிருக்கலாம், மண் ஒட்டியிருக்கலாம். ஹார்மோன்கள் வேலை முடிந்ததும் ஈரல் வழியாகக் குடலுக்கு வந்து லத்தியில் வெளியேறுகின்றன. ஆய்வகத்தில் அதைக் காயவைத்து, ஆல்கஹாலில் கலக்கி, சாற்றை எடுத்து, 96 குழி உள்ள தட்டில் நிறம் மாறுவதை வைத்து அளப்பார்கள். உங்கள் மனைவியின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்ப ஹார்மோனைப் பார்ப்பதும் இதே குடும்பத்துச் சோதனைதான். காட்டு யானையை மயக்கி ரத்தம் எடுக்க முடியாது, எடுத்தாலும் அந்த அதிர்ச்சியே ஹார்மோனை மாற்றிவிடும். லத்திக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் யானை ஒரு பாடம் கற்பித்தது. ஆரம்பத்தில் மனிதர்களுக்கு அளப்பது போலவே புரோஜெஸ்டிரோனைத் தேடினார்கள். சினையாக இருக்கும் யானையிலும் அளவு ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, யானையின் சினைப்பை முக்கியமாகச் சுரப்பது புரோஜெஸ்டிரோனை இல்லை, அதன் ஒன்றுவிட்ட சகோதர ரசாயனங்களை. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தபின் லத்தியிலேயே சுழற்சி தெளிவாகத் தெரிந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் இப்படி அளந்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்த சேஷகிரியின் ஆய்வகம், கரு தன் மேல் உறையை உடைத்துக்கொண்டு வெளிவருவது எப்படி என்பதை ஆராய்ந்து வந்த ஆய்வகம். எங்கள் துறையில் அது தினசரிக் கேள்வி. ஆக, யானை லத்தியும் மனிதக் கருவும் ஒரே மேசைக்கு வந்த இடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் பயண தூரத்தில்தான் இருக்கிறது.

பெண் யானைக்கு ஒரு சுழற்சி 13 முதல் 18 வாரம். வருடத்துக்கு மூன்று நாலு வாய்ப்பு, அதுவும் சினையாகவோ குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டோ இல்லாவிட்டால். சினைக்காலம் 22 மாதம் வரை. எல்லாவற்றையும்விட விசித்திரம் எல்.எச். ஹார்மோன். பெண்களுக்கு அது ஒரே ஒரு தடவை குபுக்கென்று ஏறும், முட்டை வெளிவரும். யானைக்கு இரண்டு தடவை ஏறும். முதல் தடவை ஒன்றும் நடக்காது. சுமார் மூன்று வாரம் கழித்து இரண்டாவது ஏற்றம், அதில்தான் முட்டை. இயற்கையே மூன்று வாரத்துக்கு முன்னால் மணி அடித்துச் சொல்கிறது. 1990களில் இதைக் கண்டுபிடித்த பிறகுதான் செயற்கைக் கருவூட்டலுக்கு நாள் குறிக்க முடிந்தது. அப்படிப் பிறந்த முதல் ஆசிய யானைக் குட்டி 1999இல் அமெரிக்காவில் ஒரு விலங்குக்காட்சிச் சாலையில்.

ஆண் யானைக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். பெண்ணின் சிறுநீரைத் தும்பிக்கையால் தொட்டு, அண்ணத்தில் ஒற்றிப் பார்க்கும். சொல்லிவிடும். தெப்பக்காட்டில் ஒரு பாகன் என்னிடம், "அவனுக்கு லேப் வாய்க்குள்ளயே இருக்கும்மா" என்றார். முகாம் யானைகளை இரவில் காட்டில் மேய விடும் பழைய வழக்கத்தால், குட்டிகள் பலவற்றுக்கு அப்பன் ஏதோ ஒரு காட்டுக் கொம்பன். வெளிநாட்டுக் காட்சிச்சாலைகளில் துணையில்லாமல் வயதான பெண் யானைகளுக்குக் கருப்பையில் தசைக்கட்டி வருவது சகஜம், பெண்களுக்கு வரும் ஃபைப்ராய்டு போலவே. அங்கே கோடிக்கணக்கில் செலவு செய்து ஊசி போட்டுப் பெறுவதை இங்கே மாயாற்றங்கரை இருட்டு இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது. இதைச் சொல்வது என் தொழிலுக்கு விரோதம்தான்.

எதிர்த்திசைப் பயணத்துக்குக் காண்டாமிருகத்தைப் பாருங்கள். வட வெள்ளைக் காண்டாமிருகத்தில் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் செத்தது. மிச்சம் நஜின், ஃபாத்து என்று தாயும் மகளும், கென்யாவில். முட்டையை உறிஞ்சி எடுத்து, உறைய வைத்திருந்த விந்தணுவை ஊசி முனையால் முட்டைக்குள் செலுத்திக் கரு உண்டாக்குகிறார்கள். அந்த இக்ஸி முறை 1992இல் பிரஸ்ஸல்ஸில், விந்தணு மோசமாக இருந்த ஆண்களுக்காக வந்தது. கரு மாற்றம் நடக்குமா என்று முதலில் தென் வெள்ளை இனத்தின் கருவை வைத்துப் பார்த்தார்கள். கரு ஒட்டி 70 நாள் வளர்ந்திருந்தது. அதற்குள் சுமந்த தாய் பாக்டீரியாத் தொற்றில் இறந்துவிட்டது. 2024 ஜனவரியில் இதை அறிவித்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத்தில் அழிந்துவரும் உயிரினங்களுக்கான லாகோன்ஸ் ஆய்வகம் செயற்கைக் கருவூட்டலில் புள்ளிமான் குட்டி பிறக்க வைத்திருக்கிறது. முதுமலைச் சாலையோரம் கூட்டம் கூட்டமாக நிற்கும் மானுக்கு எதற்கு இது என்று தோன்றும். அரிய மானில் கைவைக்கும் முன் நிறைய இருக்கும் மானில் பழகிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காக ஒரு விஷயம். சிவிங்கிப்புலியின் விந்தணுவில் கிட்டத்தட்ட 70 சதவீதம் கோணல் என்று 1980களில் கண்டுபிடித்ததும் உலகமே அதிர்ந்தது. நெருங்கிய உறவிலேயே இனம் பெருகியதன் விளைவு என்றார்கள். மனித ஆண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு, ஒழுங்கான வடிவம் 4 சதவீதம். நாங்கள் அளக்கும் அளவுகோல் கடுமையானது என்பதும் உண்மை. ஆனாலும், "நார்மல் 5 சதவீதம்" என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காத ஆண்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன்.

யானைக்குக் கருத்தடை ஊசி. உண்டு. பன்றியின் கருமுட்டையைச் சுற்றியுள்ள உறையின் புரதத்தால் ஆன தடுப்பூசி. அதற்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருள், யானையின் கருமுட்டை உறையில் விந்தணு ஒட்டாமல் தடுக்கும். அமெரிக்காவில் அசட்டீக் தீவின் காட்டுக் குதிரைகளுக்கு 1988இலும், தென்னாப்பிரிக்காவின் மக்கலாலி காப்பகத்து யானைகளுக்கு 2000இலும் போடத் தொடங்கினார்கள். அங்கே வேலி உண்டு, ஒவ்வொரு யானையையும் பெயர் சொல்லி அடையாளம் தெரியும். கூடலூரில்? வாழையையும் பலாவையும் தேடி அதிகம் ஊருக்குள் வருவது ஆண் யானைகள். ஊசி பெண் யானைக்கு. திரும்பத் திரும்பப் போட வேண்டும், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துரத்திப் போய். போட்டு முடித்தாலும், இன்று உங்கள் வாழையைத் தின்ற கொம்பன் இன்னும் முப்பது வருடம் இருக்கும். வழித்தடத்தைத் திறந்துவிடுவது இதைவிடக் கஷ்டமான வேலை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஊசி அதற்கு மாற்று இல்லை.

கடைசியாக உங்கள் சிகிச்சைக்குத் தேவையான ஒன்று. எலிக்கு இது வேலை செய்தது, குரங்குக்கு வேலை செய்தது என்று சொல்லி யாராவது கூடுதலாக ஒரு மருந்தையோ சோதனையையோ விற்றால், "பெண்களில் பார்த்தார்களா, குழந்தை பிறந்த எண்ணிக்கை கூடியதா" என்று கேளுங்கள். புரோஜெஸ்டிரோனை வைத்து யானையைப் படிக்கப் போனவர்கள் எப்படி ஏமாந்தார்களோ, அப்படியேதான் யானையை வைத்து மனிதர்களைப் படிப்பதும்.

அப்புறம் அந்தக் கடைசி ஊசி, எச்.சி.ஜி. அதை இரவு எத்தனை மணிக்குப் போடச் சொல்கிறார்களோ அந்த மணிக்கே போட வேண்டும். சுமார் 36 மணி நேரத்தில் முட்டை எடுத்தாக வேண்டும். தாமதமானால் முட்டைகள் தாமாக வெளியேறிவிடும். யானை மாதிரி மூன்று வார அவகாசம் நமக்கு இல்லை. கூடலூரிலிருந்து ஊட்டி ஐம்பது கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் எண்பத்தைந்து, நடுவே மலைப்பாதை, மழை பெய்தால் மண்சரிவு. அதனால் அந்த ஊசி போட்ட மறுநாளே கீழே இறங்கி, கோவையில் சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கேன் மூடியைத் திறந்து காட்டுகிறேன்.